ஃபாலங்ஸ்: "செறியணி" சரிவருமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

மூன்று வாரமாக ஒரே சொல்லுக்குத் தமிழ் தேடி நிற்கிறேன். பட்ட வகுப்பு மாணவர்களுக்காக, பண்டைக் கிரேக்கப் போர்முறையையும் இன்றைய போரையும் ஒப்பிடும் பாடம் ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருப்பதாக முன்பே சொல்லியிருந்தேன். அதில் பக்கத்துக்குப் பக்கம் வருகிற சொல் ஃபாலங்ஸ். கேடயமும் ஈட்டியும் ஏந்திய காலாட்கள் தோளோடு தோள் நெருங்கி, வரிசைக்குப் பின் வரிசையாக நின்று, ஒரே உடம்புபோல நகரும் அணி. போன மடலுக்கு வந்த பரிந்துரைகளை ஒரு தாளில் எழுதி மேசை மேல் ஒட்டி வைத்திருந்தேன். அவற்றுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

> வியூகம் என்று பழகிய சொல் இருக்கும்போது புதிதாக எதற்கு ஆக்க வேண்டும்? சக்கர வியூகம் எல்லாருக்கும் தெரியுமே.

ஐயா, செய்தித்தாளைத் திறந்தால் தேர்தல் வியூகம், கூட்டணி வியூகம், விற்பனை வியூகம். அந்தச் சொல் ஆட்கள் நிற்கும் வடிவத்தை விட்டு, தலைவர்கள் போடும் திட்டத்துக்குக் குடிபோய்விட்டது. 'கிரேக்கரின் வியூகம்' என்று எழுதினால் மாணவர் சூழ்ச்சி என்றுதான் படிப்பார். ஃபாலங்ஸில் சூழ்ச்சி மிகக் குறைவு. சமவெளியைப் பார்த்து இறங்கி, நேருக்கு நேர் மோதுவதுதான் அதன் வழி. கிரேக்கர்கள் இருப்பதிலேயே நல்ல சமமான நிலமாகத் தேடிப்போய்ச் சண்டை போடுகிறார்கள், வென்றவருக்கும் பெருஞ்சேதம் என்று பாரசீகத் தளபதி மார்தோனியஸ் இளக்காரமாகப் பேசியதாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார்.

> கேடயச் சுவர் என்றால் படிக்கிற பிள்ளைக்கு உடனே படம் வரும்.

வரும், உண்மைதான். ஆனால் சுவர் நகராது. வேறொரு பெரிய தடையும் இருக்கிறது, கொஞ்சம் கீழே சொல்கிறேன்.

> ஃபாலங்ஸ் என்றே எழுதிவிடலாம். உலகம் முழுக்க அப்படித்தானே?

ஓரிடத்தில் அப்படித்தான் எழுதப்போகிறேன். அமெரிக்கப் போர்க்கப்பல்களில் 1980 முதல் இருக்கும் ஒரு துப்பாக்கி அமைப்புக்கு ஃபாலங்ஸ் என்றே பெயர். ஆறு குழல், சொந்த ரேடார். கப்பலை நோக்கி வரும் ஏவுகணையைத் தானே கண்டுபிடித்து, தானே சுட்டு வீழ்த்தும். அது இயற்பெயர், மொழிபெயர்க்கக் கூடாது. ஆனால் கி.மு. 5ஆம் நூற்றாண்டு உழவன் ஒருவன் தன் அண்டை வீட்டுக்காரனோடு ஒட்டி நின்ற நிலைக்கும் அதே ஒலிபெயர்ப்பை வைத்தால், ஒப்பிடத்தான் பாடம் எழுதுகிறோம், ஒப்பிடவேண்டிய இரண்டும் ஒரே பெயரில் மறைந்துபோகும்.

சரி, இனி என் கதை. புத்தகத்தில் படித்ததை வைத்து மட்டும் சொல் ஆக்கினால் தவறு வரும் என்று தோன்றியது. கிரேக்கக் காலாளின் கேடயத்துக்கு ஆஸ்பிஸ் என்று பெயர். வட்டமானது. குறுக்களவு சுமார் 90 செ.மீ., எடை 6 முதல் 8 கிலோ. எங்கள் தெருமுனையில் கல்யாணப் பாத்திரம் வாடகைக்கு விடும் கடையில் போய் மூன்று பெரிய அண்டா மூடி வாங்கி வந்தேன். அளவு கிட்டத்தட்ட சரி, எடை கொஞ்சம் குறைவு. ஆஸ்பிஸின் நடுவில் முழங்கையை நுழைக்க ஒரு பட்டையும், விளிம்பில் விரல்களால் பிடிக்க ஒரு கயிறும் இருக்கும். மூடியின் கைப்பிடியில் துண்டை முடிந்து அந்தப் பட்டையைச் செய்தோம். விளிம்பில் துணிக்கொடிக் கயிறு. நான், தம்பி மகன், கீழ்வீட்டுப் பையன் மூவரும் மொட்டை மாடியில் நின்றோம்.

மாட்டியவுடனே புரிந்தது. முழங்கை மூடியின் நடுவில் இருக்கிறது. அதனால் மூடியின் வலப்பாதிதான் என் உடம்பை மறைக்கிறது. இடப்பாதி என்னைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு சும்மா இருக்கிறது. தனியாக நிற்கிறவனுக்கு அந்த இடப்பாதி வெறும் சுமை. எனக்கு இடப்பக்கம் தம்பி மகன் நெருங்கி வந்து நின்றதும், அந்தப் பாதி அவனுடைய வலத்தோளை மூடியது. ஈட்டி பிடிக்கும் கை இருக்கும் அந்தப் பக்கம்தான் திறந்து கிடக்கும். என் வலத்தோளைக் கீழ்வீட்டுப் பையனின் மூடி மறைத்தது. ஆக, நான் சுமந்த எடையில் பாதி எனக்கில்லை, பக்கத்தில் நிற்பவனுக்கு. என்னை யார் காப்பாற்றுகிறார்கள் என்றால் வலப்பக்கத்துக்காரன்.

தலைக்கவசமும் மார்புக்கவசமும் அவரவருக்காக அணிவது, கேடயமோ வரிசை முழுவதுக்குமானது என்று ஸ்பார்ட்டா மன்னர் தெமராட்டஸ் சொன்னதாகப் பழைய கிரேக்க எழுத்தாளர் பிளூட்டார்க் குறித்திருக்கிறார். கேடயத்தை எறிந்துவிட்டு ஓடியவனுக்கு மட்டும் ஏன் அவ்வளவு இழிவு என்று கேட்டபோது வந்த பதில் அது. மாடியில் நின்ற பிறகு அந்த வரியைப் படித்தேன். உடம்பு சிலிர்த்தது.

இன்னொன்றும் கண்ணெதிரே நடந்தது. 'முன்னால் போகலாம்' என்று நாலடி எடுத்து வைத்தோம். வரிசை நேராகப் போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக வலப்பக்கம் சாய்ந்துகொண்டே போய்த் தண்ணீர்த் தொட்டியில் முட்டினோம். யாரும் சொல்லிக்கொடுக்காமலே ஒவ்வொருவரும் வலப்பக்கத்து மூடிக்குள் தோளை ஒளித்துக்கொள்ளப் பார்த்திருக்கிறோம். கி.மு. 418இல் நடந்த மான்டினியா போரைப் பற்றி எழுதும்போது கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் இதையே சொல்கிறார்: எல்லாப் படைகளும் மோதப் போகையில் வலப்பக்கம் நழுவும், அச்சத்தால் ஒவ்வொருவனும் தன் திறந்த பக்கத்தை வலத்தே நிற்பவனின் கேடயத்தோடு ஒட்டிக்கொள்வான், நெருங்க நெருங்கப் பாதுகாப்பு என்று நினைப்பான். அன்று ஸ்பார்ட்டா மன்னர் ஏகிஸ் அந்த நழுவலைச் சரிசெய்ய, மோதலுக்குச் சற்று முன்பு ஆட்களை இடம் மாற்றச் சொன்னார். அதனால் அணியில் பெரிய இடைவெளி விழுந்தது. அந்த ஓட்டையை நிரப்பப் போகச் சொன்ன தளபதிகள் இருவர் போக மறுத்தார்கள். போரில் ஸ்பார்ட்டா வென்றது, ஆனால் அந்த இருவரும் பிறகு நாடுகடத்தப்பட்டார்கள்.

ஆகவே நம் சொல் கேடயத்தையோ ஈட்டியையோ சுட்ட வேண்டியதில்லை. அந்த நெருக்கத்தைச் சுட்ட வேண்டும். என் பரிந்துரை: செறியணி.

செறி என்றால் இடைவெளி இல்லாமல் நெருங்கு. வினைத்தொகை. ஊறுகாய், சுடுசோறு மாதிரி முக்காலத்துக்கும் விரியும்: செறிந்த அணி, செறிகின்ற அணி, செறியும் அணி. 'நெருக்கமான அணி' என்று பண்பாக வைக்காமல் வினையாக வைப்பதில் எனக்கு ஒரு காரணம் உண்டு. மூவர் நாலடி நடப்பதற்குள்ளேயே எங்கள் வரிசை கலைந்தது. அந்த நெருக்கம் ஒருமுறை அமைந்துவிட்டுத் தானாக இருப்பதில்லை, ஒவ்வோர் அடியிலும் புதிதாகச் செறிய வேண்டியிருக்கிறது. அந்த உழைப்பு வினைத்தொகையில் இருக்கிறது. குறளிலும் படைக்கு இலக்கணம் சொல்லும்போது 'கூற்றுடன்று மேல்வரினும் கூடி எதிர்நிற்கும்' என்றுதான் வருகிறது. எமனே வந்தாலும் கூடி நிற்பது. அந்தக் கூடுதல்தான் இங்கே செறிதல்.

கேடயத்தைச் சொல்லில் சேர்க்காததற்கு இன்னொரு காரணம் மாசிடோனியா. அலெக்சாந்தரின் காலாட்கள் ஏந்தியது சாரிஸா என்ற நீண்ட ஈட்டி, சுமார் 5 மீட்டருக்கு மேல். இரு கையாலும் பிடிக்க வேண்டும். கேடயம் சிறிது, தோளில் தொங்கும். அங்கே 'கேடயச் சுவர்' என்றால் பொய்யாகிவிடும். முதல் வரிசைக்கு முன்னால் ஐந்து வரிசைகளின் ஈட்டிமுனைகள் நீட்டிக்கொண்டிருக்கும், ஒரு ரோமானிய வீரன் பத்து முனைகளைச் சந்திக்க வேண்டும் என்று வரலாற்றாசிரியர் பாலிபியஸ் கணக்குப் போடுகிறார். ஆயுதம் மாறியது, நெருக்கம் மாறவில்லை. அது தோற்றதும் நெருக்கம் போனபோதுதான். கி.மு. 168இல் பிட்னாவில் மேடுபள்ளத்தில் வரிசை விலகியது, ரோமானியர்கள் சிறு சிறு குழுக்களாக அந்த விலகல்களுக்குள் நுழைந்தார்கள். ஆகவே பழைய கிரேக்கருடையது செறியணி, மாசிடோனியருடையது நெடுவேற் செறியணி.

கிரேக்கத்திலேயே ஃபாலங்ஸ் என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் மரக்கட்டை, உருளை என்ற பொருளில் தொடங்குகிறது. விரல் எலும்புக்கும் மருத்துவர்கள் அதே சொல்லைத்தான் சொல்கிறார்கள். கையை நீட்டிப் பாருங்கள், அந்தச் சிறு எலும்புகள் அணி அணியாக நிற்பது தெரியும்.

அணியின் உள்ளமைப்புக்கு நமக்குப் புதுச்சொல்லே தேவையில்லை. பள்ளிக் கணக்கில் அணிகள் பாடத்தில் படித்த நிரையும் நிரலும் போதும். பக்கவாட்டில் நிற்பது நிரை, முன்பின்னாக நிற்பது நிரல். வழக்கமாக ஒரு நிரலில் 8 பேர். கி.மு. 424இல் டீலியம் போரில் தீப்ஸ் என்ற கிரேக்க நகரத்தார் 25 பேர் ஆழத்துக்கு நின்றார்கள். கி.மு. 371இல் லியூக்ட்ராவில் தீப்ஸ் தளபதி எபாமினோண்டாஸ் தன் இடப்பக்கத்தை 50 பேர் ஆழமாக்கி, எதிரே இருந்த ஸ்பார்ட்டாவின் வலப்பக்கத்தை உடைத்தார். பொதுவாகச் சிறந்தவர்கள் வலப்பக்கம்தான் நிற்பார்கள், ஆகவே இரு தரப்பின் சிறந்தவர்களும் நேருக்கு நேர் வருவதில்லை. அவர் அதைத் திருப்பிப் போட்டார். 'நிரலாழம் 50' என்று எழுதினால் மாணவருக்கு எளிதாகப் புரியும்.

ஃபாலங்ஸில் நிற்கும் காலாளைக் கிரேக்கத்தில் ஹொப்லைட் என்பார்கள். அதற்குக் 'கேடயத்தான்' வேண்டாம். ஹொப்லா என்பது படைக்கலம் முழுவதையும் குறிக்கும், கேடயத்துக்கு ஆஸ்பிஸ் தனியே இருக்கிறது. கவசக்காலாள் என்று வைத்துக்கொள்கிறேன். அந்தக் கவசத்தை அவனே தன் பணத்தில் வாங்க வேண்டும் என்பதைப் பாடத்தில் தனியாகச் சொல்லிவிடலாம்.

இப்போது பாடத்தின் மறுபாதி, இன்றைய போர். செறியணிக்கு எதிர்ச்சொல் வேண்டும். ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற என் பெரியப்பா மகனிடம் கேட்டேன். பயிற்சியில் முதலில் திட்டு வாங்கியதே பக்கத்தில் இருப்பவனை ஒட்டி நின்றதற்குத்தான் என்றார். 'பயம் வந்தால் ஆள் தன்னால ஒட்டுவான். ஒட்டினா ஒரே குண்டுல எல்லாரும் போயிடுவோம். அதனால விலகு, விலகுன்னு கத்திக்கிட்டே இருப்பாங்க.' துசிடிடீஸ் எழுதிய அதே அச்சம், அதே ஒட்டுதல். அங்கே அது உயிரைக் காத்தது, இங்கே உயிரை வாங்குகிறது. இடையில் நடந்தது பீரங்கியும் இயந்திரத் துப்பாக்கியும். முதல் உலகப்போரில், 1916 ஜூலை 1 அன்று, சோம் போரின் முதல் நாளில் மட்டும் பிரிட்டிஷ் படையில் 57,470 பேர் சேதம், அவர்களில் 19,240 பேர் இறந்தவர்கள். பல இடங்களில் அவர்கள் அலை அலையாக வரிசை கட்டி முன்னே நடந்தவர்கள். அதன் பிறகு சிறு குழுக்களாகப் பிரிந்து, பள்ளம் பள்ளமாகப் பதுங்கி முன்னேறும் முறை நிலைத்தது.

இதற்குச் 'சிதறணி' என்று முதலில் குறித்தேன், பிறகு அடித்துவிட்டேன். படை சிதறியது என்றால் தோற்றது என்று பொருள். இங்கே சிதறுவது தோல்வி அல்ல, திட்டம். ஆகவே விரியணி. செறியணி, விரியணி. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டால், 2500 ஆண்டுகளில் என்ன மாறியது என்று அடிக்குறிப்பு இல்லாமலே மாணவர் பிடித்துக்கொள்வார் என்று நம்புகிறேன்.

குறைகளைச் சொல்லுங்கள்.

அன்புடன்.

---

மறுபடி வணக்கம்.

இரண்டே நாளில் இத்தனை மறுமொழிகள் வரும் என்று நினைக்கவில்லை. எல்லாருக்கும் நன்றி. தனித்தனியாக எழுதாமல் ஒரே மடலில் பதில் தருகிறேன்.

> எங்கட பக்கம் படையணி எண்டால் ரெஜிமென்ட். செறியணியும் ஒரு படைப்பிரிவின்ர பெயர் மாதிரிக் கேக்குது. பேந்து, கணிதத்தில நாங்கள் அணி எண்டு படிக்கேல்ல, தாயம் எண்டுதான் படிச்சனாங்கள். நிரையும் நிரலும் எங்களுக்கும் ஒண்டுதான்.

அண்ணா, இது நான் யோசிக்காத பக்கம். பிரிவு வேறு, நிற்கும் முறை வேறு என்பது சொல்லில் தெரிய வேண்டும். முதல் முறை வரும் இடத்தில் 'செறியணியாக நின்றார்கள்' என்று வினையோடு சேர்த்து எழுதிவிடுகிறேன். 'ஏதென்ஸின் செறியணி' என்று உடைமையாக எழுதுவதைக் குறைக்கிறேன். இது போதாது என்று பட்டால் மறுபடி எழுதுங்கள், இலங்கை மாணவர் கையிலும் இந்தப் பாடம் போகவேண்டும் என்பதே என் விருப்பம். நிரை, நிரல் இரு கரையிலும் ஒன்றாக இருப்பது பெரிய நிம்மதி.

> செறிவூட்டிய யுரேனியம் என்று நாளேட்டில் வருகிறதே, குழப்பம் வராதா?

வராது என்றே நினைக்கிறேன். அங்கேயும் செறிவு என்றால் ஒன்றை நெருக்கி மிகுவிப்பதுதான். வேர்ப்பொருள் ஒன்று, இடம் வேறு.

> இரு தரப்பும் நாள் குறித்து, களம் குறித்து மோதுவதற்கு நம்மிடம் தும்பை இருக்கிறது. ஆநிரை கவர்வது வெட்சி, மதிலை வளைப்பது உழிஞை என்று போர்வகைகளை நம் இலக்கணம் பிரித்திருக்கிறபோது 'நேருக்கு நேர் மோதுவது' என்று நீட்டி எழுத வேண்டுமா?

அம்மா, உங்கள் மடலைப் படித்துவிட்டு அன்று இரவு தூக்கம் வரவில்லை. கிரேக்கச் செறியணிப் போருக்கு இதைவிடப் பொருந்திய சொல் கிடைக்காது. அங்கேயும் அது ஒருவகையில் ஒப்புக்கொண்ட போர்தான். ஒரு தரப்பு இறங்கி நிற்கும், மறுதரப்பு ஏற்றுக்கொண்டால்தான் மோதல். பெரும்பாலும் கோடையில். பொழுது சாய்வதற்குள் முடிந்துவிடும். தோற்றவர்கள் தங்கள் இறந்தவர்களை எடுத்துக்கொள்ள ஆள் அனுப்பி அனுமதி கேட்பார்கள். கேட்டாலே தோல்வியை ஒப்புக்கொண்டதாகக் கணக்கு. வென்றவர்கள் எதிரி முதுகு காட்டித் திரும்பிய இடத்தில் ஒரு மரக்கம்பம் நட்டு, பறித்த கவசத்தை மாட்டுவார்கள். திரும்புதலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லில் இருந்துதான் அதன் பெயர் வந்தது, ஆங்கிலத்தில் இன்று வெற்றிக்கோப்பைக்குச் சொல்லும் பெயரும் அதுவே. ஏன் கல்லில் செய்யாமல் மரத்தில் செய்தார்கள் என்பதற்கு, பகை நினைவு சீக்கிரம் மக்கிப்போகட்டும் என்று ஒரு விளக்கம் பழைய வரலாற்றாசிரியர் டியோடோரஸின் நூலில் வருகிறது. சோம் களத்தில் தியப்வாலில் நிற்கும் நினைவு வளைவு செங்கல்லும் கல்லும். உடல் கிடைக்காத 72,000க்கும் மேற்பட்டோரின் பெயர் அதில் வெட்டப்பட்டிருக்கிறது. இறந்தவனைக் கேட்டு வாங்கி எடுத்துப்போன போரையும் எடுக்க உடலே மிஞ்சாத போரையும் ஒரே பாடத்தில் எழுதுகிறேன். கை தயங்குகிறது.

அந்தக் கம்பத்துக்கு வாகைக்கம்பம் என்று வைக்கிறேன். தும்பைக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. 'தும்பைப்போர்' என்று எழுதுவேன், தும்பைத்திணை என்று எழுத மாட்டேன். திணை என்றதும் நம் பாட்டுலகம் முழுவதும் கூடவே வந்துவிடும், அது கிரேக்கருக்கு உரியதல்ல. கிரேக்கப் போர் எல்லாம் கண்ணியமானது என்ற எண்ணமும் வந்துவிடக் கூடாது. கி.மு. 416இல் ஏதென்ஸ்காரர்கள் மெலோஸ் தீவைப் பணியவைத்து, வயது வந்த ஆண்களைக் கொன்று, பெண்களையும் பிள்ளைகளையும் அடிமைகளாக விற்றார்கள். அது தும்பை அல்ல. அதற்கு எந்தப் பூவையும் சூட்ட எனக்கு மனம் இல்லை. படுகொலை என்றே எழுதுகிறேன்.

> காயமே படாமல் போர் மனத்தை நொறுக்குவதற்கு ஒரு சொல் வேண்டும். மருத்துவப் பாடநூலில் இருப்பது நாலு சொல் நீளம்.

மருத்துவர் ஐயா, இதற்கு ஒரு கிரேக்கச் சான்று கையில் இருக்கிறது. கி.மு. 490, பாரசீகரோடு நடந்த மராத்தான் போர். எபிசெலஸ் என்ற ஏதென்ஸ்காரர் நன்றாகப் போரிட்டுக்கொண்டிருந்தார். வெட்டும் இல்லை, அடியும் இல்லை, திடீரென்று இரு கண்ணும் பார்வை இழந்தன, வாழ்நாள் முழுக்கத் திரும்பவில்லை. தாடி கேடயம் முழுவதையும் மறைக்கிற பேருருவன் ஒருவன் எதிரே வந்து, தன்னைக் கடந்துபோய்ப் பக்கத்தில் நின்றவனைக் கொன்றதாக அவர் சொல்லிவந்ததாக ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். பக்கத்தில் நின்றவன். மாடியில் மூடி ஏந்தி நின்ற எனக்கு அந்தச் சொல்லின் கனம் தெரியும்.

முதல் உலகப்போரில், 1915இல், இதை குண்டதிர்ச்சி என்ற பொருள்படும் பெயரால் மருத்துவ இதழில் எழுதினார்கள். 1980இல்தான் இன்றைய நீண்ட பெயர் (ஆங்கிலச் சுருக்கம் PTSD) மனநோய் வகைப்பாட்டில் ஏறியது. களத்தின் வடு என்ற பொருளில் நீங்கள் சொன்ன 'களவடு' காதுக்கு இனிது, ஆனால் களவு என்று பிரித்துப் படித்துவிடுவார்கள். போர்வடு சரியாக இருக்குமா? நமக்கு விழுப்புண் உண்டு, புறப்புண் உண்டு. இரண்டும் உடம்பில் தெரிகிற புண். வடு என்றால் ஆறிய பிறகும் நிற்பது.

> இன்றைய போர் என்றால் ட்ரோன்தான். அதற்கு என்ன எழுதப்போகிறீர்கள்?

ஆளில்லா விமானம் பழகிவிட்டது, மாற்ற வேண்டாம். சின்ன வகைக்கு ட்ரோன் என்றே எழுதுகிறேன். தூரத்து ஆயுதம் பற்றிய பகுதியில் எனக்குச் சொல் தட்டவே இல்லை. ஏவுகணை என்று முன்னோடிகள் ஆக்கி வைத்துவிட்டார்கள். அதுவும் வினைத்தொகை, அதற்குள் அம்பும் இருக்கிறது. கிரேக்கக் கவசக்காலாளுக்கு அந்த அம்பின் மேல்தான் ஆத்திரம். கி.மு. 425இல் ஸ்பாக்டீரியா தீவில் ஸ்பார்ட்டாவின் படை சிக்கிக்கொண்டது. செறியணியாக வந்து மோத எதிரி கிட்டேயே வரவில்லை. எட்ட நின்று அம்பும் கல்லும் எறிந்தே சோர வைத்தார்கள். 292 பேர் உயிரோடு பிடிபட்டார்கள், ஸ்பார்ட்டா சரணடையும் என்று கிரேக்கத்தில் யாரும் எண்ணியதில்லை. பிடிபட்டவர்களில் ஒருவனிடம், அப்படியானால் செத்தவர்கள்தான் வீரர்களோ என்று ஒருவன் குத்திக் கேட்டான். நல்லவன் யார் என்று தெரிந்து தைக்கிற தக்களி என்றால் அதற்கு விலையே இல்லை என்று அவன் பதில் சொன்னான். அம்பை அவன் அம்பு என்று சொல்லவில்லை, பெண்கள் நூல் நூற்கும் கதிரின் பெயரால் சொன்னான். அதனால்தான் தக்களி என்று எழுதினேன்.

பிறகு கி.மு. 4ஆம் நூற்றாண்டில், சிசிலியில் இருந்து வந்த எறிபொறியின் அம்பைப் பார்த்த ஸ்பார்ட்டா மன்னர் ஆர்கிடாமஸ், 'ஹெராக்ளீஸே, ஆண்மை ஒழிந்தது' என்று கூவியதாகப் பிளூட்டார்க். அதற்கும் முன்பு, யூபியா தீவின் இரு நகரங்கள் தூரத்து ஆயுதம் எறிவதில்லை என்று ஒப்புக்கொண்டதாக ஒரு தூண் கல்வெட்டைப் பற்றிப் பழைய புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதுகிறார். கண்ணிவெடியை விலக்கும் 1997 ஒட்டாவா உடன்படிக்கையை இதன் பக்கத்தில் வைத்துப் பாடத்தில் காட்டுகிறேன்.

உக்ரைன் போரில் பறக்கும் சிறு ட்ரோனில் கேமரா இருக்கிறது. பல கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவன் திரையில் பார்த்து, இவன் என்று ஒருவனைத் தேர்ந்து இறக்குகிறான். அந்த ஸ்பார்ட்டாக் கைதி கேட்ட தக்களிக்கு இப்போது கண் வந்துவிட்டது. அது தேடுவது வீரனையா என்பதுதான் வேறு. ஒதுங்கி, விலகி, விரியணியாக நின்றாலும் தனி ஆளையே தேடிவருகிறது. வலப்பக்கம் ஒளிந்துகொள்ளக் கேடயம் இல்லை. விரியணிக்கு அடுத்த நிலைக்கும் ஒரு சொல் தேவைப்படுமோ என்று நினைக்கிறேன், இப்போதைக்கு என்னிடம் இல்லை.

கடைசியாக ஒன்று தீரவில்லை. ஒதிஸ்மோஸ். இரு செறியணிகளும் மோதிய பிறகு நடக்கும் தள்ளல். டீலியத்தைப் பற்றித் துசிடிடீஸ் 'கேடயங்களின் தள்ளல்' என்றே எழுதுகிறார். முன்வரிசைக்காரனின் முதுகில் பின்வரிசைக்காரன் கேடயத்தை வைத்து, நிரல் முழுவதும் சேர்ந்து நெட்டியது என்று ஒரு சாரார். அப்படி நெட்டினால் முன்னால் இருப்பவன் நசுங்கிச் சாவான், அது வெறும் பேச்சுவழக்கு என்று மறு சாரார். எனக்கு உடனே வந்த சொல் தள்ளுமுள்ளு. பொருள் அப்படியே பொருந்துகிறது, ஆனால் போலீஸ் தடுப்பும் ஆர்ப்பாட்டமும் கண் முன்னே வருகின்றன. முட்டுத்தள்ளு, நெட்டல் என்று இரண்டு எழுதி வைத்திருக்கிறேன். இரண்டிலும் மனம் ஒட்டவில்லை.

ஆஸ்பிஸ் குழிந்த வடிவம், விளிம்பு தோளில் உட்காரும், அதனால் பின்னால் நெட்டினாலும் மார்பு நசுங்காமல் மூச்சு விட இடம் இருக்கும் என்று ஒரு வாதம் உண்டு. அண்டா மூடியும் குழிந்ததுதான். வருகிற ஞாயிறு மாலை எட்டுப் பேராக மாடிக்குப் போகிறோம், ஒரே நிரலில் நின்று சுவரில் மெத்தையைச் சார்த்தி மெதுவாகத் தள்ளிப் பார்க்கப்போகிறோம். முதல் ஆளாக நான் நிற்கிறேன். எங்கள் பக்கத்து ஊர்களில் இருப்பவர்கள் வருவதானால் தனிமடல் போடுங்கள், இன்னும் ஐந்து மூடி வாடகைக்குச் சொல்லிவைக்க வேண்டும்.

அன்புடன்.